தார் ரோடு ஏன் இப்படிச் சுடுது? ஈப்போ வெயிலில் நம் காலடியில் நடப்பது என்ன?

தைப்பூசத்தன்று ஈப்போவில், புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுத்து நடந்திருக்கிறீர்களா? விடியற்காலையில் கிளம்பினால் ஒன்றும் தெரியாது. பதினொரு மணியைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. கால் தானாகவே ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தேடிப் போகும். யாராவது குழாய் வைத்துத் தண்ணீர் அடித்திருந்தால் அந்த ஈரத்தின் மேல் நடப்போம். மர நிழல் வந்துவிட்டால் கூட்டமே அந்தப் பக்கம் சாயும்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் கால் கண்டுபிடித்த மூன்று விஷயங்கள் இவை: வெளிர் நிறம், ஈரம், நிழல். நகரங்கள் ஏன் கொதிக்கின்றன என்று ஆராய்பவர்களும் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான் பேசுகிறார்கள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அது பகலில் தெரியாது, ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போதுதான் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போனில் 34 டிகிரி, காலடியில் 60 டிகிரியா?

இரண்டுமே உண்மைதான். அளக்கும் இடம்தான் வேறு.

வானிலை நிலையத்தில் வெப்பமானியை வெயிலில் வைப்பதில்லை. காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள், புல்தரைக்கு மேலே ஏறக்குறைய ஓர் ஆள் நெஞ்சு உயரத்தில் வைப்பார்கள். ஆகவே உங்கள் போன் காட்டும் 34 டிகிரி செல்சியஸ் என்பது நிழலில் உள்ள காற்றின் வெப்பம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கைகளும் இந்த அளவை வைத்தே வருகின்றன. தொடர்ந்து மூன்று நாள்களுக்கு அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை. 37 முதல் 40 என்றால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. நாட்டில் இதுவரை பதிவான உச்சம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் பதிவானது.

அதே நேரத்தில் வெயிலில் கிடக்கும் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். 60 டிகிரி சூடுள்ள பொருளில் தோல் சில விநாடிகள் அழுந்தியிருந்தாலே புண்ணாகலாம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் காலைத் தூக்கிவிடுகிறோம் என்பதால்தான் தப்பிக்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருக்காது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சபா, சரவாக் நேரத்தைப் பின்பற்றுவதால், ஈப்போவில் உண்மையான உச்சிப்பொழுது மதியம் ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் வருகிறது. தரை சூடேறி உச்சத்தைத் தொட அதற்கு மேலும் சற்று நேரம் ஆகும். காலைப் பள்ளி விட்டு மாணவர்கள் வீட்டுக்கு நடப்பதும் ஏறக்குறைய அந்த நேரம்தான்.

வெள்ளைக் கோடு ஏன் அவ்வளவு சுடுவதில்லை?

தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1,000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. ஒரு சாதாரண அயன் பாக்ஸின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவைத் தரை திருப்பி அனுப்புகிறது, எவ்வளவை விழுங்குகிறது என்பதில்தான் முதல் வித்தியாசம் இருக்கிறது.

புதிதாகப் போட்ட தார், வெயிலில் 5 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும். மீதி 900 வாட்டுக்கு மேல் தரைக்குள் போகிறது. புது சிமெண்டுத் தரை 35 முதல் 40 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். வெள்ளைக் கோடு இன்னும் அதிகமாக அனுப்பும். அதனால்தான் ஒரே ரோட்டில், ஒரே வெயிலில், ஒரு சாண் தள்ளி வைத்த கால் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் இந்த வித்தியாசம் காலம் ஆக ஆகக் குறையும். தார் வயதாகும்போது கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகிறது. அப்போது 10 முதல் 20 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். சிமெண்டோ தூசி, டயர் கறை, பாசி படிந்து 20 முதல் 35 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ‘சிமெண்டு போட்டால் குளிர்ச்சி’ என்று யாராவது சொன்னால், ‘எத்தனை வருஷத்துக்கு?’ என்று கேளுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கும் சூடு ஏன் போகவில்லை?

நான்காவது விஷயம் இதுதான்: சேமிப்பு.

பசார் மாலாமில் ராத்திரி எட்டு மணிக்கு நிற்கும்போது, தரையிலிருந்து கணுக்கால் வரை ஒரு வெதுவெதுப்பு ஏறி வருவதை உணர்ந்திருப்பீர்கள். அது பகல் வெயிலின் மிச்சம். தாரும் சிமெண்டும் கனமான, அடர்த்தியான பொருள்கள். பகல் முழுக்க வெப்பத்தைச் சேர்த்து வைத்து, சூரியன் போன பிறகு மெதுவாக வெளியே விடும். இந்த விஷயத்தில் சிமெண்டு நல்ல பிள்ளை இல்லை. தாரைவிட அது வெப்பத்தை வேகமாக உள்ளே கடத்தும். மேலே தொட்டால் குறைவாகச் சுட்டாலும், உள்ளே நிறைய வைத்திருக்கும்.

நகரம் சுற்றியுள்ள கிராமத்தைவிடச் சூடாக இருப்பதை நகர்ப்புற வெப்பத் தீவு என்கிறார்கள். இதை முதலில் அளந்து எழுதியவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பார்த்ததும் இதைத்தான்: நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசம் ராத்திரியில்தான் அதிகம்.

இது ஏன் முக்கியம்? பகல் முழுக்க வெயிலில் வேலை செய்த உடம்பு ஆறுவதற்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். ஏர்கோன் இல்லாத வீட்டில், சுற்றிலும் சிமெண்டு போட்ட வாசலோடு வாழும் ஒரு வயதானவருக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. ஈப்போவின் அமைப்பும் இதற்கு உதவாது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளெடாங் மலைகள். நடுவில் கிந்தா பள்ளத்தாக்கில் நகரம் உட்கார்ந்திருக்கிறது. தரை விட்ட சூட்டை அள்ளிக்கொண்டு போக இங்கே பலமான காற்று அடிக்கடி வீசுவதில்லை.

தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகிறது?

தண்ணீரின் குளிர்ச்சி ஒரு சிறு பகுதிதான். பெரிய வேலையைச் செய்வது, அது ஆவியாவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் சக்தி வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் உச்சி வெயில் 40 நிமிடம் கொட்டும் சக்தி அது. அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால், 40 நிமிட வெயிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

நம் பாட்டிமார் வாசல் தெளித்ததும், ஜப்பானியர்கள் கோடையில் தெருவில் தண்ணீர் தெளிக்கும் உச்சிமிசு வழக்கமும் இதே வித்தைதான். மண் தரையில் தெளித்த தண்ணீர் உள்ளே இறங்கி, மெல்ல மெல்ல ஆவியாகும். தார் ரோட்டில் ஊற்றினால் வழிந்து கால்வாய்க்கு ஓடிவிடும். மேலே ஒட்டியிருக்கும் ஈரம் கொஞ்ச நேரத்தில் காய்ந்து, பழையபடி சுடும். தைப்பூசத்தன்று திரும்பத் திரும்பத் தண்ணீர் அடிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. குளிர்விக்கத் தேவையான தண்ணீர் வானத்திலிருந்து சும்மா கிடைக்கிறது. அதை ஒரு மணி நேரத்தில் கால்வாய்க்குத் தள்ளிவிடும் தரையை நாம் போட்டு வைத்திருக்கிறோம். ஒரே தரை, மழையில் திடீர் வெள்ளத்தையும் வெயிலில் கொதிப்பையும் தருகிறது.

‘தோட்டத்துல இப்படி வேகாது’ என்பது உண்மையா?

உங்கள் தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கமோ, பத்து காஜா பக்கமோ தோட்டத்தில் இருந்தவர்கள் என்றால் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். பாதிக்கு மேல் உண்மைதான்.

பேராவுக்கும் ரப்பருக்கும் நீண்ட உறவு. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து அது தொடங்குகிறது. அக்கால மரம் ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வருகிறார்கள். பின்னர் வந்த தோட்டங்களில் பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் தழைகள் மேலே கூடிக் கூரை போட்டன. வெயில் தரையைத் தொடுவதற்கு முன்பே இலைகள் அதை வாங்கிக்கொண்டன. வேர்கள் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக விட்டன. கீழே செம்மண்ணும் சருகும் ஈரத்தைப் பிடித்து வைத்தன. நிழல், ஈரம் இரண்டும் சேர்ந்தே கிடைத்த இடம் அது. விடியுமுன் பால் வெட்டப் போனதற்கும் வெப்பம் ஒரு காரணம்: குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும்.

ஆனால் நினைவில் எல்லாமே குளிர்ச்சியாகிவிடும், கவனம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரங்கள் இலை உதிர்க்கும். வெயில் காலத்தில் அந்தக் கூரையில் ஓட்டை விழுந்துவிடும். லயத்து வீட்டின் தகரக் கூரை மதியத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். தோட்டத்து வாழ்க்கையின் கஷ்டம் வேறு பெரிய கதை. வெப்பம் என்ற ஒரே கணக்கில் மட்டும் பார்த்தால், தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனைக்கோ தமானுக்கோ மாறியபோது மக்கள் இழந்தவற்றில் இந்த நிழலும் ஒன்று. தமானில் கிடைத்தது தார் ரோடு, சிமெண்டுக் கால்வாய், வீட்டு முன்னால் ஒரு சாண் மண். அந்த ஒரு சாணையும் பிறகு நாமே டைல்ஸ் போட்டு மூடினோம். கார் நிறுத்த வசதி, சேறு இல்லை, கூட்டுவதற்குச் சுலபம். காரணம் நியாயமானதுதான். ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார முடியாமல் போனதும் அதனால்தான்.

ரப்பர் கலந்த தார் வந்திருக்கிறதே, அது குளிர்ச்சியா?

இல்லை. இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது.

மரத்தில் கட்டிய கோப்பையில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைத் தாரோடு கலந்து ரோடு போடும் முறை மலேசியாவில் சில சாலைகளில் பயன்படுகிறது. மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் இதில் ஈடுபட்டுள்ளன. சாதாரணத் தார் 50 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். கனரக லோரிகள் ஓடினால் டயர் தடம் பள்ளமாக விழும். ரப்பர் கலந்தால் தார் அவ்வளவு சீக்கிரம் இளகாது, ரோடு அதிக நாள் உழைக்கும். சிறுதோட்டக்காரர்களின் கட்டிப்பாலுக்கும் ஒரு சந்தை கிடைக்கிறது. எல்லாம் நல்லதுதான்.

ஆனால் ரோடு கறுப்பாகவே இருக்கிறது. வெயிலை அதே மாதிரி விழுங்கும். ரப்பர் சூட்டிலிருந்து ரோட்டைக் காப்பாற்றுகிறது. ரோட்டின் சூட்டிலிருந்து உங்களை அது காப்பாற்றாது.

அப்போ எல்லா ரோட்டுக்கும் வெள்ளை பெயிண்ட் அடிச்சா போதுமா?

உலகத்தில் சில ஊர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களுக்கு வெளிர் சாம்பல் பூச்சு அடித்தது. கத்தாரின் டோஹா 2019இல் ஒரு சாலைக்கு நீலம் அடித்தது.

நமக்கு நல்ல பாடம் கிடைப்பது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து. 2020இல் அங்கே பல குடியிருப்புத் தெருக்களுக்கு வெளிர் பூச்சு அடித்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அளந்து பார்த்தது. நண்பகலிலும் பிற்பகலிலும் பூச்சடித்த தெருவின் மேற்பரப்பு, சாதாரணத் தாரைவிட ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தது. வெற்றிதான். ஆனால் அந்தத் தெருவில் நடக்கும் மனிதர் மீது விழும் வெப்பம், நண்பகலிலும் பிற்பகலிலும் சுமார் 3 டிகிரி கூடியிருந்தது.

எப்படி? தரை விழுங்காத வெயில் எங்கேயாவது போகத்தானே வேண்டும். அது மேலே திரும்பி, நடந்து வருபவரின் முகத்திலும் உடம்பிலும் பட்டது. இரவில் தலை உயரத்தில் காற்றின் வெப்பம் குறைந்தது, ஆனால் அரை டிகிரிகூட இல்லை. தெருவுக்கு நல்லது, நடப்பவருக்கு மதியத்தில் கொஞ்சம் கெட்டது. இதனால் வெளிர் பூச்சு வீண் என்று ஆகிவிடாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களுக்கு, குறிப்பாகக் கூரைகளுக்கு, அது மிகவும் பொருத்தம். பிள்ளைகள் நடக்கும் பாதைக்கு நிழலும் சேர்ந்து வேண்டும்.

பேராவுக்கு எது ஒத்து வரும்?

பதில்களில் இரண்டு ஏற்கெனவே பேராவில் இருக்கின்றன.

ஒன்று, ஈப்போ பழைய நகரத்தின் ஐந்தடி நடைபாதை. கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு, கீழே நடப்பவருக்குக் கூரையாகும் அமைப்பு. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இது விதியானது. பிறகு மலாயா நகரங்களிலும் பரவியது. அந்தத் தரை வெறும் சிமெண்டுதான். ஆனால் வெயிலே படாத சிமெண்டு சூடேறாது. மதிய நேரத்தில் வெளியே ரோட்டில் ஒரு நிமிடம், உள்ளே ஐந்தடியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பொருளைவிட நிழல் எவ்வளவு பெரியது என்று புரியும். புதிய வணிக வரிசைகளிலும் இந்தப் பாதை இருக்கிறது. சில இடங்களில் மேசை, மோட்டார் சைக்கிள், சரக்குப் பெட்டி என்று அடைத்து, நடப்பவரை வெயிலுக்குத் தள்ளிவிடுகிறோம்.

இன்னொன்று, தைப்பிங் ஏரிப் பூங்கா. பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1880இல் உருவான பூங்கா அது. அதன் ஓரத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே நட்ட தூங்குமூஞ்சி மரங்கள், ரோட்டுக்கு மேலே கை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. கீழே இருப்பது தார்தான். ஆனால் மதியத்திலும் அங்கே மக்கள் நடக்கிறார்கள். அந்த நிழல் வளரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதை வெட்ட ஓர் உச்சிப்பொழுது போதும்.

மூன்றாவது, தண்ணீர் இறங்கும் தரை. இடையில் துளை விட்டுப் புல் வளரவிடும் சிமெண்டுக் கற்கள், நீர் புகும் கற்கள் ஆகியவை கார் நிறுத்துமிடங்களுக்கு ஏற்றவை. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் சுற்றுச்சூழலுக்கு உகந்த வடிகால் கையேடும் இத்தகைய தரைகளைப் பற்றிப் பேசுகிறது. இவற்றுக்கும் குறை உண்டு. துளைகளில் மண்ணும் சருகும் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். கனரக வண்டிகள் ஓடும் ரோட்டுக்கு இவை தாங்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் நீங்களே அளந்து பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் தமானில் நான்கு இடங்களில் புறங்கையை மெதுவாக வையுங்கள்: தார் ரோடு, சிமெண்டு வாசல், புல்தரை, மர நிழலில் உள்ள தரை. எத்தனை விநாடி தாங்குகிறது என்று எண்ணுங்கள். சுட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அதே நான்கு இடங்களுக்குப் போங்கள். சேமிப்பு என்றால் என்ன என்பது அப்போது புரியும்.

வீட்டு வாசலைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றால், காரின் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் சிமெண்டு போட்டு, நடுவில் புல்லை விடலாமே என்று வீட்டில் பேசிப் பாருங்கள். மேற்குப் பக்கம் ஒரு மரத்துக்கு இடம் இருந்தால் அது பிற்பகல் வெயிலைத் தடுக்கும்.

கோவில், பள்ளி வளாகத்தில் பெரிய மரம் இருந்து, அதை வெட்டிக் கல் பதிக்கலாம் என்று பேச்சு வந்தால், ஒன்றை நினைவூட்டுங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மரம் பட்டுப்போனது, உடனடி ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு.

அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கும்போது, கால் எங்கே வேகமெடுக்கிறது, எங்கே மெதுவாகிறது என்று கவனித்து வையுங்கள். நிழல் இல்லாத தூரம் எது, மரம் வைக்க இடமுள்ள ஓரம் எது என்று குறித்து ஈப்போ மாநகர் மன்றத்துக்கு எழுதலாம். தண்ணீர் அடிப்பது அந்த ஒரு நாளுக்குத்தான். அதே ரோட்டில் ஆண்டு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும், குப்பை அள்ளுபவர்களும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டிமாரும் நிற்கிறார்கள்.